கராத்தே பெல்ட் எதை அளக்கிறது?

கராத்தே வகுப்பில் சேரும் எவரும் வெள்ளை பெல்ட்டில்தான் தொடங்குகிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் பெல்ட் டெஸ்டில் தேறத் தேற அது மஞ்சளாகி, பச்சையாகி, நீலமாகி, பழுப்பாகி, நான்கைந்து ஆண்டுகளில் கறுப்பை எட்டுகிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்ட பெற்றோர் மாஸ்டரிடம் முதலில் கேட்பதும் பெரும்பாலும் அடுத்த பெல்ட் எப்போது என்றுதான். அந்த நிறமாற்றம் எதற்குச் சான்று என்பது மட்டும் இன்றுவரை முடிவாகவில்லை. சண்டையிடும் திறனுக்கு என்கிறார்கள் சிலர். படித்து முடித்த பாடத்துக்கு என்கிறார்கள் வேறு சிலர். மனம் தளராமல் வகுப்புக்கு வரவைக்கும் பரிசு என்பது மூன்றாவது விடை. பெல்ட் என்பது அமைப்புகளின் வருமானத்துக்கும் அதிகாரத்துக்கும் உதவும் முத்திரை என்பது நான்காவது. ஒவ்வொரு விடைக்கும் வரலாறு உண்டு, ஆதாரமும் உண்டு, ஓட்டையும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தால், தொடக்கநிலை மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடாகவே பெல்ட் வலுவாக நிற்கிறது என்பதும், அதற்கு மேல் எதற்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலும் அது தடுமாறுகிறது என்பதும் தெரியவரும்.

பெல்ட் வந்த வழி

பழங்காலத்தில் வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமலே கட்டி, ஆண்டுக்கணக்கில் வியர்வையும் மண்ணும் படிந்து அது கறுத்துப்போனது, அதுதான் கறுப்பு பெல்ட் என்று பல வகுப்புகளில் ஒரு கதை சொல்லப்படுகிறது. வரலாறு காட்டும் வழி வேறு. தரவரிசையை ‘டான்’ என்று எண்ணிடும் முறை ஜப்பானில் ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அதை உடற்பயிற்சிக் கலைக்குக் கொண்டுவந்தவர் ஜூடோவின் நிறுவனர் ஜிகோரோ கானோ. 1882-இல் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய அவர், மறு ஆண்டே தம் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் வழங்கினார். டான் பெற்றவர்களைக் கறுப்பு பெல்ட்டால் பிரித்துக் காட்டும் வழக்கம் அதே பத்தாண்டில் வந்தது. கானோ பள்ளி ஆசிரியராகவும் கல்வி நிர்வாகியாகவும் வாழ்ந்தவர். ஒரே ஆசிரியர் பலருக்குக் கற்பிக்கும்போது யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்ற தேவை அவருக்கு இருந்தது.

கராத்தேயின் தாயகமான ஒகினாவாவில் அந்தத் தேவையே எழவில்லை. அங்கே ஓர் ஆசிரியரிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே இருந்தார்கள். பயிற்சி வீட்டு முற்றத்தில், பலவேளை இரவில், அன்றாட உடையிலேயே நடந்தது. இந்த நிலையை மாற்றியவர் அன்கோ இதோசு. 1901 வாக்கில் அவர் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். 1908-இல் கல்வித் துறைக்கு எழுதிய கடிதத்தில் அதை உடற்கல்வியாகக் கற்பிக்கலாம் என்று வாதாடினார். பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘பினான்’ என்ற ஐந்து கட்டாக்களை, அதாவது முன்வகுத்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்களை, வரிசையாக அமைத்தார். கூட்டமாகக் கற்பித்தலும் படிப்படியான பாடமும் கராத்தேக்குள் நுழைந்தது அப்போதுதான். பெல்ட் வருவதற்கு முன்பே பெல்ட்டுக்கான தேவை பிறந்துவிட்டது.

இதோசுவின் மாணவர் கிசின் ஃபுனகோஷி 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார். கானோ அவரைக் கோடோகனுக்கு அழைத்தார், ஆதரித்தார். ஃபுனகோஷி ஜூடோவின் உடையையும் பெல்ட்டையும் டான் முறையையும் எடுத்துக்கொண்டு, 1924 ஏப்ரலில் ஏழு பேருக்குக் கராத்தேயின் முதல் டான் சான்றிதழ்களை அளித்தார். இந்தத் தேதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் தலைநகருக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட அப்போது முடிந்திருக்கவில்லை. அந்த ஏழு பேரில் ஷின்கின் கிமா ஒகினாவாவிலேயே பயின்றவர். பின்னாளில் வாடோ ரியூ பிரிவை நிறுவிய ஹிரோனோரி ஒட்சுகா ஏற்கெனவே ஜூஜுட்ஸுவில் தேர்ந்தவர். ஆனாலும் ஃபுனகோஷியிடம் ஒட்சுகா கற்ற காலம் இரண்டு ஆண்டுக்குள்தான் அடங்குகிறது. முதல் டான் என்றால் கலையில் கரைகண்டவர் என்ற எண்ணத்துக்கு அதன் பிறப்பிலேயே இடமில்லை. அடிப்படையைக் கற்றுவிட்டார், இனிப் பாடத்தைத் தொடங்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்லவில்லை.

ஒகினாவாவில் இருந்தவர்கள் இதை உடனே ஏற்கவில்லை. கோஜு ரியூ என்ற கராத்தே பிரிவின் நிறுவனர் சோஜுன் மியாகி, 1895-இல் கியோட்டோவில் தொடங்கிய டாய் நிப்பொன் புடோகுகாய் என்ற போர்க்கலைக் கழகத்தில் 1933-இல் தம் பிரிவைப் பதிவு செய்தவர். மாணவர்களுக்கு டான் வழங்காமலே 1953-இல் மறைந்தார். அவருடைய மாணவர்கள் டான் முறைக்கு மாறியது அதன் பிறகுதான். மஞ்சள், பச்சை, நீலம் போன்ற இடைநிறங்களின் கதை இன்னும் இளையது. ஜப்பானில் நெடுநாள் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்பதே வழக்கம். 1935-இல் பாரிஸுக்குப் போய் ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாயிஷியின் பெயரோடு நிற வரிசை பொதுவாகச் சேர்த்துச் சொல்லப்படுகிறது. லண்டனின் புடோக்வாய் சங்கத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நிறங்கள் இருந்தன என்று கூறும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், இன்று உலகெங்கும் பிள்ளைகள் இடுப்பில் கட்டும் நிற வரிசை ஐரோப்பிய ஜூடோ வகுப்பறையிலிருந்து வந்தது. ஒகினாவா முற்றத்தில் அது இருந்ததில்லை.

திறனின் அளவுகோலா?

பொதுமக்களிடம் வேரூன்றிய விடை இதுதான்: பெல்ட் உயர்ந்தால் திறன் உயர்ந்திருக்கிறது. இதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2012-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், கறுப்பு பெல்ட் பெற்ற 12 பேரையும், அதே அளவு உடற்பயிற்சி உள்ள, ஆனால் போர்க்கலை கற்காத 12 பேரையும் குத்துவிடச் சொன்னார்கள். குத்தின் தூரம் வெறும் 5 சென்டிமீட்டர். கையை வீசி வேகம் கூட்ட இடமில்லாத தூரம் அது. கறுப்பு பெல்ட்காரர்களின் குத்தே வலுவாக விழுந்தது. காரணம் தசைப்பலம் அல்ல, தோளும் மணிக்கட்டும் தத்தம் உச்ச வேகத்தை எட்டும் நேரங்கள் ஒன்றோடொன்று இசைந்திருந்ததே என்று ஆய்வு காட்டியது. சிறுமூளையின் வெண்பொருள் அமைப்பிலும் வேறுபாடு தென்பட்டது. நெடுங்காலப் பயிற்சி உடலில் ஒரு தடம் பதிக்கிறது என்ற அளவுக்கு இதை ஏற்கலாம். ஆனால் இங்கே ஒரு பிரிப்பு வேண்டும். ஆய்வில் பங்கேற்ற கறுப்பு பெல்ட்காரர்கள் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பயின்றவர்கள். அளக்கப்பட்டது அந்த ஆண்டுகளின் விளைவு. மேலும், அந்த 12 பேருக்குள்ளேயே ஒத்திசைவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. எல்லோர் இடுப்பிலும் ஒரே நிறம்தான் இருந்தது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று வரலாற்றிலேயே கிடக்கிறது. கானோவின் தரவரிசைக்குப் பின்னால் ‘ரண்டோரி’ என்ற தடையற்ற மோதல் பயிற்சி இருந்தது. ஜூடோவில் எதிராளி தன் முழுப் பலத்தோடு எதிர்க்கும்போதே அவரைத் தூக்கி எறியலாம், மெத்தை காப்பாற்றும். அடுத்தடுத்துப் பலரை வீழ்த்துபவருக்கு உடனே பதவி உயர்வு தரும் போட்டி வழக்கமும் கோடோகனில் இருந்தது. அதாவது பெல்ட்டோடு அதைச் சோதித்துப் பார்க்கும் கருவியும் கூடவே இருந்தது. கராத்தே பெல்ட்டை எடுத்துக்கொண்டபோது அந்தக் கருவியைக் கொண்டுவரவில்லை. முகத்தில் விழும் குத்தை முழு வேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் சோதிக்க முடியாது. ஃபுனகோஷியும் சுதந்திரச் சண்டையையும் போட்டியையும் விரும்பாதவர். ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது 1957-இல், அவர் மறைந்த அதே ஆண்டில். பல்கலைக்கழகக் குழுக்கள் தங்களுக்குள் கடுமையாக மோதிப் பயின்றன என்பது உண்மைதான். எனினும் முதல் முப்பது ஆண்டுகளுக்குக் கராத்தே டான் என்பது பெரும்பாலும் கட்டாவையும் முன்கூட்டியே வகுத்த தாக்குதல் தற்காப்பையும் பார்த்து ஆசிரியர் எடுத்த முடிவாகவே இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மசுதட்சு ஒயாமாவின் கியோகுஷின் பிரிவில் பெல்ட் தேர்வின்போது முழுத்தொடர்பு குமித்தே (எதிராளியோடு மோதும் பயிற்சி) செய்தாக வேண்டும், பிரேசிலிய ஜூஜுட்ஸுவில் மோதலில் தன்னை நிறுவாதவர் நிறம் மாறுவதில்லை, ஆகவே பெல்ட் திறனை அளக்க முடியாதது என்பது தவறு என்கிறார்கள். நியாயமான மறுப்பு. பெல்ட் திறனை அளக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. மோதலைத் தேர்வின் மையத்தில் வைத்தால் ஓரளவு அளக்கும். ஆனால் அதற்கு அந்தப் பிரிவுகள் விலை கொடுத்திருக்கின்றன. பிரேசிலிய ஜூஜுட்ஸுவின் பெரிய சம்மேளன விதிகளில் 16 வயதுக்குள் நீல பெல்ட் இல்லை, 19 வயதுக்குள் கறுப்பும் இல்லை. கியோகுஷின் மோதலில் கையால் முகத்தைக் குத்தத் தடை உண்டு. அங்கும் அளக்கப்படுவது குறிப்பிட்ட விதிகளுக்குள் காட்டும் திறன்தான். இன்று உலகில் கராத்தே கற்பவர்களில் மிகப் பெரும் பகுதி பிள்ளைகள். அவர்களுடைய வகுப்புக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது.

போட்டி உலகம் இந்தக் கேள்விக்குத் தன் பதிலை ஏற்கெனவே சொல்லிவிட்டது என்றும் கொள்ளலாம். உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி களமிறங்குபவர்களில் ஒருவர் சிவப்பு பெல்ட், மற்றவர் நீல பெல்ட் கட்டுகிறார். அவர்கள் சொந்தப் பெல்ட் எந்தப் படி என்பது அங்கே கணக்கில் வராது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா பிரிவில் தங்கம் வென்ற ஒகினாவா வீரர் ரியோ கியுனாவும் அந்த இரண்டு நிறத்துக்குள்தான் நின்றார். திறனை அளக்க வேண்டிய மேடை வந்தபோது கராத்தே தன் நிற வரிசையைக் கழற்றி வைத்துவிட்டது.

பாடத்தின் வரிசையா?

இரண்டாவது விடை அடக்கமானது: பெல்ட் என்பது மாணவர் பாடத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று காட்டும் குறி. புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறோம் என்று காட்ட வைக்கும் நூல்கயிறு போல. ஆசிரியருக்கு இது உடனே பயன்படுகிறது. நாற்பது பேர் நிற்கும் வகுப்பில் மஞ்சளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கலாம், பச்சையை யாரோடு குமித்தேவில் நிறுத்தலாம் என்பதை அவர் பெயர் தெரியாமலே தீர்மானிக்கலாம். உதவி ஆசிரியர் ஒருவர் அன்று வகுப்பெடுத்தாலும் குழப்பம் வராது.

இந்த வாதத்தின் வலு, தொடக்கநிலைப் பாடத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஃபுனகோஷி வழிவந்த ஷோட்டோகான் பிரிவில் வெள்ளை பெல்ட் மாணவர் கற்கும் முதல் முறையான கட்டா ஹெய்யான் ஷோடான் (பினான் வரிசைக்கு அங்கே ஹெய்யான் என்று பெயர்). மொத்தம் 21 அசைவுகள். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு அடி முன்வைத்துக் குத்து, எதிர்ப்பக்கம் திரும்பி மறுபடி கீழ்த்தடுப்பு. நடுக்கோட்டில் மூன்று மேல்தடுப்பு, திரும்பி வரும்போது மூன்று குத்து. இறுதி நான்கு அசைவுகளில் மட்டும் நிலை மாறி, எடை பின்காலுக்குப் போய், கத்திக்கை தடுப்பு வருகிறது. ஐந்தாறு அசைவுகளே திரும்பத் திரும்ப வருவதால் மனப்பாடச் சுமை குறைவு, கவனம் முழுவதும் உடலுக்குப் போகலாம். போகவும் வேண்டும். புதியவரின் குத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பிழைகள் வரிசையாகத் தெரியும்: முன்னங்கால் தரையைத் தொடும் முன்பே கை போய்விடும், தோள் உயர்ந்து முன்னே சாயும், பின்குதிகால் தரையை விட்டு எழும், இடுப்புக்கு இழுக்க வேண்டிய மறுகை பாதியில் நிற்கும். தடுப்பிலும் இதே பிழைகள் வேறு வடிவில் வரும். மஞ்சள் பெல்ட் தேர்வில் ஆசிரியர் பார்ப்பது இவற்றைத்தான். அடுத்த கட்டாவான ஹெய்யான் நிடானில் உதைகள் சேரும். ஐந்தாவதில் ஒரு தாவல் வரும். குமித்தேயும் இப்படியே ஐந்து அடி முன்சொல்லித் தாக்கும் பயிற்சியில் தொடங்கி, ஒரே தாக்குதலுக்குச் சுருங்கி, கறுப்பு பெல்ட் தேர்வை நெருங்கும்போது தாக்குபவர் தன் நேரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் அளவுக்கு அவிழ்கிறது. இந்தப் படிகளுக்கும் நிறங்களுக்கும் இடையே உள்ள பொருத்தம் கண்துடைப்பு அல்ல. கால் ஊன்றாதவரை உதைக்கச் சொன்னால் விழுவார் என்பதில் கருத்துவேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் இந்த வரிசைதான் சரியான வரிசையா? இங்கே முன்னோர்களே ஒத்துப்போகவில்லை. இதோசு முதலாவதாக வைத்த கட்டாவை ஃபுனகோஷி இரண்டாவதாக்கி, இரண்டாவதை முதலுக்குக் கொண்டுவந்தார், அதுவே புதியவருக்கு எளிது என்று கருதி. பினான் வருவதற்கு முன் ஒகினாவாவின் ஷூரி நகர ஆசிரியர்கள் நைஹான்சியில் தொடங்கினார்கள். நேர்க்கோட்டில் பக்கவாட்டாக மட்டுமே நகரும் அந்தக் கட்டாவைத்தான் ஒகினாவா ஆசிரியர் சோகி மோதோபு தம் பயிற்சியின் மையமாக வைத்திருந்தார். ஒகினாவாவின் இன்னொரு நகரான நஹாவின் வழியில் சான்சின் என்ற கட்டா ஒன்றையே ஆண்டுக்கணக்கில் செய்ய வைத்தார்கள். முன்பெல்லாம் ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டு என்பது கணக்கு என ஃபுனகோஷியே பதிவு செய்திருக்கிறார். அதே நஹா வழியில் வந்த மியாகி 1940-இல் புதியவர்களுக்காக கெகிசாய் என்ற எளிய கட்டாவை இயற்றினார். டான் வழங்க மறுத்தவரே படிநிலைப் பாடத்தை மறுக்கவில்லை என்பது இந்த விவாதத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாத உண்மை. பாடத்துக்கு வரிசை வேண்டும் என்பதையும், வரிசைக்குச் சின்னம் வேண்டும் என்பதையும் தனித்தனியாக வைத்து வாதிட வேண்டும் என்பதற்கு மியாகியே சான்று.

இயக்கக் கற்றல் ஆய்வு இங்கே இன்னொரு ஐயத்தை எழுப்புகிறது. 1979-இல் ஷீ, மோர்கன் என்ற இருவர் நடத்திய சோதனையில், ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் அப்போது பின்தங்கினாலும், சில நாள் கழித்துச் சோதித்தபோது மறக்காமலும் புதிய சூழலுக்கு ஏற்பவும் நன்றாகச் செய்தார்கள். பெல்ட் டெஸ்டுக்கு முந்தைய வாரங்களில் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது முதல் வகைப் பயிற்சி. தேர்வில் வரப்போகும் கட்டாவையே மறுபடி மறுபடி செய்கிறார்கள். அதனால் தேர்வு நாளில் அழகாக இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே மாணவர் முந்தைய கட்டாவில் திரும்பும் திசையைத் தவறவிட்டால் வியப்பில்லை. ஆய்வுக்கூடத்தின் எளிய கைவேலைச் சோதனையைக் கராத்தேக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதும், முற்றிலும் புதியவருக்குத் தொடர்ந்த பயிற்சியே முதலில் தேவை என்பதும் நியாயமான எச்சரிக்கைகள். ஆயினும் பாடத்தின் குறியாகவே பெல்ட்டைக் கொண்டாலும், பக்கத்தைப் புரட்டியதற்கும் படித்ததற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அது தானாகக் காட்டாது. ஒவ்வொரு தேர்விலும் முந்தைய பெல்ட்டின் கட்டா ஒன்றைச் சொல்லாமல் கேட்கும் வகுப்புகள் உண்டு. இந்தக் குறையை அவை பெருமளவு சரிசெய்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

பரிசின் இருமுனை

நிற வரிசைக்கு ஆதரவாக ஆசிரியர்கள் நடைமுறையில் முன்வைக்கும் காரணம் வேறு: பெல்ட் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆறு மாதத்தில் நின்றுவிடுவார்கள். கறுப்பு பெல்ட் மட்டுமே இலக்கு என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கண்ணுக்கெட்டாத தூரம். ஐரோப்பாவில் இடைநிறங்கள் பரவியதற்கும் இதுவே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

உளவியலில் இதற்கு நேரெதிராக நிற்கும் சான்று புகழ்பெற்றது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில், வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்களுக்குப் பின், சான்றிதழ் எதுவும் இல்லாத நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. முன்சொல்லாமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது, இந்தப் பாதிப்பு பிள்ளைகளிடம் கூடுதல் என்று முடிவுகட்டினார்கள். 1994-இல் கேமரூனும் பியர்ஸும் அதே வகைச் சோதனைகளைத் தொகுத்து, பாதிப்பு மிகக் குறுகிய சூழலில் மட்டுமே என்று சொல்லியிருந்தார்கள். தங்க முத்திரைச் சான்றிதழும் பெல்ட் சான்றிதழும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், முதல் சோதனையைக் காட்டிப் பெல்ட்டைக் கண்டிப்பது எளிது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பிள்ளைகள் முன்பே விரும்பிய ஒன்றுக்குத்தான் பரிசு பெற்றார்கள். கராத்தேயில் சேரும் பிள்ளைக்குக் குதிரைநிலையில் நிற்கும் வலியின் மேல் முன்விருப்பம் இருக்க வாய்ப்பில்லை. அங்கே குறைவதற்கு உள்ளார்வமே இன்னும் பிறந்திருக்காது. மேலும், ஒருவரைக் கட்டுப்படுத்தும் பரிசும், அவர் எதில் தேறினார் என்று தெரிவிக்கும் பரிசும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பது டெசியும் ரையனும் வகுத்த கோட்பாட்டின் அடிப்படை. ஆகவே எல்லாம் தேர்வை நடத்தும் விதத்தைப் பொறுத்தது. வந்தவர் அனைவருக்கும் நிறம் மாறும் தேர்வு பிள்ளைக்கு எதையும் தெரிவிப்பதில்லை. பின்குதிகால் எழுகிறது, அதைச் சரிசெய்துகொண்டு அடுத்த முறை வா என்று சொல்லித் திருப்பி அனுப்பும் தேர்வு தெரிவிக்கிறது. தேர்ச்சி பெறாத மாணவர் நின்றுவிடுவார் என்ற அச்சத்தில் எல்லோரையும் தேற்றிவிடும் ஆசிரியர், எந்த ஊக்கத்துக்காகப் பெல்ட்டை வைத்திருக்கிறாரோ அதையே உள்ளீடற்றதாக்கிவிடுகிறார். என் பார்வையில் பெல்ட்டுக்கு இன்று இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

குணமும் கட்டணமும்

பெல்ட் ஏற ஏறப் பணிவும் கட்டுப்பாடும் வளரும் என்ற நம்பிக்கையும் உண்டு. இதில் சான்றுகள் இருதிசையில் இழுக்கின்றன. 1986-இல் ட்ருல்சன் நடத்திய சிறிய ஆய்வில், மரபான முறையில் தேக்வாண்டோ கற்ற குற்றச்சார்புள்ள இளைஞர்களிடம் மூர்க்கம் குறைந்தது. தத்துவமும் ஒழுங்குமுறையும் இல்லாமல் சண்டை நுட்பம் மட்டும் கற்ற குழுவிடம் கூடியது. 2004-இல் லேக்ஸ், ஹாய்ட் ஆய்வு பள்ளிப் பிள்ளைகளிடம் தன்னடக்கம் மேம்பட்டதாகக் கண்டது. 2005-இல் எண்ட்ரெசன், ஓல்வேயஸ் ஆகியோர் நார்வேச் சிறுவர்களைப் பின்தொடர்ந்து, குத்துச்சண்டை, பளுதூக்குதல், கிழக்காசியப் போர்க்கலைகள் போன்றவற்றில் ஈடுபட்டவர்களிடம் சமூகவிரோத நடத்தை கூடியதாகச் சொன்னார்கள். இவற்றில் எதுவும் பெல்ட்டைத் தனியே பிரித்துச் சோதிக்கவில்லை. எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்துக்கு ட்ருல்சன் ஆய்வு இடம் தருகிறது. நிறத்துக்கு அதில் பங்குண்டா என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

கட்டண விமர்சனத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனெனில் அதன் அடிப்படை உண்மை தெளிவானது. கராத்தே பெல்ட் வழங்க உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு பிரிவும், பிரிவுக்குள் ஒவ்வொரு சங்கமும் தன் சான்றிதழைத் தானே அச்சிடுகிறது. கியோகுஷினில் நீலத்துக்குப் பின்னர் மஞ்சள் வருகிறது. ஷோட்டோகான் வகுப்புகள் பலவற்றில் மஞ்சள்தான் முதல் படி. நிறத்தை மட்டும் பார்த்து வெளியாள் எதையும் அறிய முடியாது. தேர்வுக்குத் தேர்வு கட்டணம் இருக்கும் இடத்தில் தேர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டவும், நிறத்துக்குள் கோடு போட்டுப் படிகளைப் பெருக்கவும் தூண்டுதல் இருக்கவே செய்யும். ஆனால் இந்த விமர்சனம் அளவுக்கு மீறிப் போகிறது, பெல்ட்டே வணிகத்துக்காகப் பிறந்தது என்று சொல்லும்போது. 1924-இல் ஃபுனகோஷி சான்றிதழ் கொடுத்தபோது அவருக்குப் பின்னால் சந்தை ஏதும் இல்லை, அங்கீகாரம் தேடும் ஒரு தீவுக்கலைதான் இருந்தது. தவிர, கட்டணம் வாங்கியும் கறாராகத் தேர்வு நடத்தும் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

இவற்றை வைத்துப் பார்க்கும்போது, வெள்ளையிலிருந்து பழுப்பு வரையிலான நிறங்களுக்குப் பாட வரிசை என்ற விளக்கமே மிகக் குறைந்த முரண்பாட்டோடு பொருந்துகிறது. தேர்வு நேர்மையாக நடந்தால் அது ஊக்கத்துக்கும் துணைசெய்யக்கூடும். கறுப்புக்கு மேல் நிலைமை மாறுகிறது. அங்கே பெரும்பாலும் படிகளுக்கு இடையே காத்திருக்க வேண்டிய ஆண்டுகள் விதியில் இருக்கின்றன, புதிய பாடம் குறைகிறது, ஆசிரியப் பணியும் அமைப்புக்கான உழைப்பும் கணக்கில் சேர்கின்றன. அந்த உயர் டான்களைத் தொடக்கநிலை நிறங்களின் நீட்சியாகவே பார்க்கலாமா, அல்லது வேறொரு தன்மையுள்ள மரியாதைப் பட்டமாகக் கொள்ள வேண்டுமா என்பது கராத்தே சங்கங்களுக்குள்ளேயே தீராத விவாதம்.

பிள்ளைகளுக்கு எத்தனை படி வேண்டும் என்பதும் திறந்தே கிடக்கிறது. ஒகினாவாவின் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்பவர்கள், அந்த முறை ஓர் ஆசிரியருக்குச் சில மாணவர்கள் என்ற கணக்கில் இயங்கியது என்பதைக் கருத வேண்டும். அறுபது பிள்ளைகள் உள்ள மாலை வகுப்பில் அது அப்படியே நடக்காது. நிறங்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், பத்து நிறத்தில் தேறிய பிள்ளைக்கு மூன்று நிறத்தில் தேறிய பிள்ளையைவிட ஹெய்யான் ஷோடான் நன்றாக வருகிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைச் சோதிப்பது கடினமல்ல. ஒரே பாடத்தை ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளுக்குக் கற்பித்து, ஒன்றில் எல்லா நிறங்களையும், மற்றொன்றில் வெள்ளை, பழுப்பு, கறுப்பை மட்டும் வைத்து, இரண்டு ஆண்டு கழித்து யார் தங்கினார்கள், தங்கியவர்களின் குத்தில் பின்குதிகால் தரையில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து வரும் ஒரு தேர்வாளர் பார்த்தால் போதும்.